அத்தான் முகத்து நிஸ்ஸே

ஓஸ்லோ
9 நவம்பர் 1941

அன்பு அக்கா டோர்டிஸுக்கு,

ஐவிண்ட் எழுதுகிறேன். நீயும் ஹால்வர் அத்தானும் சுகம்தானே? உன் முழங்கால் இந்தக் குளிருக்கு என்ன சொல்கிறது? எனக்கு இருமல் தவிர வேறு குறை இல்லை. மீன் கடை வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றால் யாருக்கும் வருகிற இருமல்தான்.

இந்த வருஷக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அத்தானிடம் காட்டு. பதினைந்தாவது வருஷமாக அவர் முகத்தைத் திருடி நிஸ்ஸேவுக்கு வைத்திருக்கிறேன். முழங்கால் உயரத்தில், வெள்ளைத் தாடியும் சிவப்புக் குல்லாவுமாகத் தொழுவத்து வைக்கோலில் குடியிருந்து பண்ணையைக் காக்கிற அந்தக் குட்டைக் கிழவன், அத்தானின் கோணல் மூக்கு இல்லாமல் என் பென்சிலுக்கு வரமாட்டேன் என்கிறான். நாடு முழுக்க வீட்டுக்கு வீடு அந்த மூக்குதான் போய்ச் சேருகிறது. அவர் பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு என்னோடு பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இந்தத் தடவை வழக்கமான கஞ்சிக் கிண்ணத்தோடு அவன் கையில் ஒரு கொடியும் கொடுத்திருக்கிறேன். நம் கொடி. அட்டை அச்சடிக்கிற முதலாளி பார்த்ததும் வியர்த்துப்போனார்.

"ஏம்பா, கொடி அவசியமா?"

"குட்டையன் கையில குட்டிக் கொடி. யாரு கண்ணுல படப்போகுது?"

"படும்யா. அவங்களுக்குக் கண்ணைத் தவிர வேற என்ன இருக்கு?" என்றார். ஆனாலும் அச்சடித்துவிட்டார்.

நாம் ஸ்வீடன் ராஜாவுக்குக் கீழே இருந்த காலத்தில் நம் ஓவியர்கள் மலைப் பூதங்களையும் ஏரிப் பேய்களையும் வரைந்து வரைந்துதான் நாங்கள் வேறு ஆட்கள் என்று உலகத்துக்குச் சொன்னார்கள். பூதமெல்லாம் அந்தப் பெரியவர்களுக்குப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது இந்தக் குட்டையன். இவனாவது நம்மவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
ஐவிண்ட்

—

வெஸ்ட்லி
23 நவம்பர் 1941

அன்புள்ள தம்பிக்கு,

கடிதமும் அட்டையும் வந்தன. கடிதத்தை யாரோ எங்களுக்கு முன்பே பிரித்துப் படித்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டும் வேலையைக் கொஞ்சம் சுத்தமாகச் செய்யலாம். நாங்கள் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இருமலுக்குத் தேன் கிடைத்தால் சாப்பிடு. கிடைக்காது என்று தெரியும், எழுத வேண்டும் என்று எழுதினேன்.

அத்தான் அட்டையை வாங்கி ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். "மூக்கு போன வருஷத்தைவிடப் பெருசாயிருக்கே. உன் தம்பிக்கு என் மேல என்ன கோவம்?" என்றார். அப்புறம் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்விட்டார். பிள்ளைகள் அவரை நிஸ்ஸே வாத்தியார் என்றே கூப்பிடுகிறார்கள். அதட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்வார். அதட்டுவதே இல்லை.

மூன்று மாடுகளில் ஒன்று பால் வற்றிவிட்டது. உருளைக்கிழங்கு போதும் என்று நினைக்கிறேன்.

கொடி நன்றாக இருந்தது. அவ்வளவுதான் எழுதுவேன்.

அக்கா,
டோர்டிஸ்

—

ஓஸ்லோ
4 ஜனவரி 1942

அன்பு அக்காவுக்கு,

புது வருஷம் உங்கள் இருவருக்கும் உடம்பு நோகாமல் நடக்கட்டும். இருமல் போய்விட்டது. கை மட்டும் சரியில்லை, அதைச் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஜெர்மன் போலீஸார் கடை கடையாகப் போய் அட்டைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கொடிக்காக மட்டும் இல்லை. சிவப்புக் குல்லாவே இப்போது எதிர்ப்பின் அடையாளமாம், குற்றமாம். முதலாளியை இரண்டு நாள் உட்கார வைத்துக் கேள்வி கேட்டு அனுப்பினார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வாரம் புது அலுவலகம் ஒன்றிலிருந்து இருவர் என் அறைக்கு வந்தார்கள். நல்ல கோட்டு, நல்ல பேச்சு. ஜெர்மானியர் இல்லை, அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்ட கட்சியின் ஆட்கள், நம் ஊர்க்காரர்கள்தான்.

"உங்க நிஸ்ஸேவைப் பாத்துதான் சார் நாங்க வளர்ந்தோம்" என்றார் ஒருவர். "அவன் நார்வேக்காரன். நாங்களும் நார்வேக்காரங்கதான். எங்களுக்கு ஒண்ணு வரைஞ்சு குடுங்க. வேலைப் படைக்கு ஆள் சேர்க்கிற சுவரொட்டி. மண்வெட்டியும் கட்சித் தொப்பியும் வச்சா போதும்."

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். முந்தின நாள் வெந்நீர் கொட்டி ஒரு துணி சுற்றியிருந்தேன், ஒன்றும் பெரிய காயம் இல்லை. "நரம்பு போச்சுங்க, பென்சில் பிடிக்க முடியலை" என்றேன். குணமானதும் சொல்லி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து வெளியே போகும்போதெல்லாம் கட்டோடுதான் போகிறேன். டாக்டரிடம் காட்டவில்லை. இந்தக் கை சீக்கிரம் குணமாகிற கை இல்லை.

இந்தக் கடிதம் பால்காரர் பெட்டியோடு வருகிறது, அதனால்தான் இவ்வளவு வாயாடுகிறேன். தபாலில் நீ எழுதும்போது இதையெல்லாம் எழுதாதே.

தம்பி,
ஐவிண்ட்

—

வெஸ்ட்லி
29 மார்ச் 1942

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இரண்டு மாதமாக எழுதவில்லை, மன்னித்துக்கொள்.

சிவப்புக் குல்லா போடக்கூடாது என்று பிப்ரவரி கடைசியில் உத்தரவு வந்தது. பிள்ளைகள் வெறும் தலையோடு பள்ளிக்குப் போனார்கள். அப்புறம் பள்ளியையும் மூடினார்கள், விறகு இல்லை என்று. ஊரைச் சுற்றிக் காடுதான், அதுவும் உனக்குத் தெரியும். வாத்தியார்கள் கட்சி தொடங்கிய புதுச் சங்கத்தில் சேர வேண்டும் என்றார்கள். அத்தான் சேரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள்.

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் வந்து அழைத்துப்போனார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அவரும் சிக்வர்ட் வாத்தியாரும். காலைக்கஞ்சி பாதி சாப்பிட்டிருந்தார். மீதியைக் கோழிக்குப் போட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் மாடு கத்தியது, எழுந்து போனேன்.

உன் கை எப்படி இருக்கிறது?

டோர்டிஸ்

—

ஓஸ்லோ
12 ஏப்ரல் 1942

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்று வேறெதுவும் ஓடவில்லை. நீ தனியாக இருக்கிறாய் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சாப்பிடுகிறாயா? மருத்துவச்சி மார்கித்தை ராத்திரி துணைக்குக் கூப்பிட்டுக்கொள்.

இங்கேயும் வாத்தியார்களைப் பற்றித்தான் பேச்சு. நிறையப் பேர் என்பதால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள்.

கை அப்படியேதான் இருக்கிறது.

ஐவிண்ட்

—

வெஸ்ட்லி
26 ஏப்ரல் 1942

தம்பிக்கு,

சுகம். மார்கித் வந்து போகிறாள்.

அவர்களைக் கப்பலில் ஏற்றி வடக்குக் கோடிக்கு, ரஷ்ய எல்லைப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். சரக்குக் கப்பல், கீழ்த்தட்டில் நிற்க இடமில்லாமல். அவருக்கு மூச்சு இழுக்கும் என்பது உனக்குத் தெரியும். அங்கே மூட்டை இறக்கும் வேலை, குண்டும் விழுகிறதாம். சிக்வர்டின் பெண்டாட்டி சொன்னாள்.

நான் உனக்கு மூத்தவள். உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. உன் கையை டாக்டரிடம் காட்டு. அது குணமாக வேண்டும். குணமான பிறகு வேலை கேட்டு யார் வந்தாலும் இல்லை என்று சொல்லாதே. உனக்குப் பிடிக்காத வேலையாக இருந்தாலும் சரி.

நான் கேட்பது உனக்குப் புரிகிறது.

டோர்டிஸ்

—

ஓஸ்லோ
17 மே 1942

அன்பு அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும். இதுவும் பால்காரர் பெட்டியோடுதான் வருகிறது. இன்று நம் தேசிய நாள். வெளியே எந்தத் தெருவிலும் கொடி இல்லை. எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை என்று பாவனை செய்கிறோம்.

கை குணமாகிவிட்டது.

அந்த அலுவலகத்துக்கு நானே போனேன். அத்தான் பெயர், பிறந்த தேதி, எந்த ஊர்ப் பள்ளி எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டு ஒரு தாளில் எழுதினார்கள். "செய்யறோம்னு சொல்லலை, பாக்கறோம்" என்றார்கள். நானும் அப்படியே தலையாட்டினேன்.

முதலில் வேறு முகம் போட்டேன் அக்கா. நேரான மூக்கு, ஒட்டிய கன்னம், யாருமே இல்லாத ஒரு முகம். அலுவலக ஆள் அதை மேசையில் வைத்துப் பார்த்தார்.

"இது யாரு சார்?"

"நிஸ்ஸே."

"நிஸ்ஸே எங்களுக்குத் தெரியாதா? இவன் யாரோ வெளியூர்க்காரன். நம்ம ஆளு மூக்கு எங்க?"

"மூக்குல என்னங்க இருக்கு?"

"மூக்குலதான் சார் எல்லாம் இருக்கு. ஜனங்க அந்த மூக்கைப் பாத்தாதான் நம்புவாங்க."

அங்கேயே, அவர் பேனாவை வாங்கி, அந்த மூக்கைப் போட்டேன். பதினைந்து வருஷப் பழக்கம், நான் யோசிப்பதற்குள் கை போட்டு முடித்துவிட்டது. அதற்கு மேல் தொப்பியையும் போட்டேன். எதுவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து தூங்கினேன், நன்றாகவே தூக்கம் வந்தது.

இந்தச் சுவரொட்டி ஓஸ்லோவுக்கு மட்டும்தானாம், கிராமங்களுக்கு அனுப்பமாட்டார்களாம். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். நீ பயப்படாதே.

தம்பி

—

வெஸ்ட்லி
12 ஜூலை 1942

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் ஜூன் கடைசியில் வந்துவிட்டார். மேல் பல் இரண்டு போய்விட்டது. மெலிந்திருக்கிறார். மூச்சு இழுப்பு முன்னைவிட அதிகம். ஆனால் வந்துவிட்டார். கட்டிலில் என் பக்கத்தில் ஒரு ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது.

சிக்வர்டையும் மற்றவர்களையும் இன்னும் விடவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் வந்தவர் இவர் ஒருவர்தான்.

ரயில் பத்து மணிக்கு வந்தது, இவர் வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டு. ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தாராம்.

இங்கே எல்லாம் அப்படியேதான். பால் வண்டி இப்போது நம் வாசலில் நிற்பதில்லை, நான் பாலைத் தெருமுனைக்குத் தூக்கிப்போய் வைக்கிறேன். முழங்காலுக்கு நடப்பது நல்லதுதான். தேவாலயத்தில் நாங்கள் உட்காரும் பெஞ்சு முழுக்க எங்களுக்கே கிடைக்கிறது, நெரிசல் இல்லை. சிக்வர்டின் பெண்டாட்டி தோட்டத்தில் இருந்தால் நான் போகும்போது உள்ளே போய்விடுகிறாள். அவளுக்கும் வேலை இருக்கும்.

நீ செய்ததற்கு நன்றி என்று எழுதத் தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

டோர்டிஸ்

—

ஓஸ்லோ
30 ஆகஸ்ட் 1942

அன்பு அக்காவுக்கு,

அத்தான் வந்ததைப் படித்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் எதற்கும் வருத்தப்படமாட்டேன் என்று முடிவு செய்தேன். மூச்சுக்கு வெந்நீர் ஆவி பிடிக்கச் சொல். அவர் கையால் இரண்டு வரி எழுதச் சொல்லேன்.

இதோடு நிஜக் காப்பித்தூள் கால் கிலோ அனுப்பியிருக்கிறேன். அலுவலகத்தில் கொடுத்தார்கள். நான் வழக்கமாகப் போகிற காப்பிக் கடையில் ஓவியர்கள் உட்கார்கிற மேசைக்கு நான் போனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அவசர வேலை வந்துவிடுகிறது. டிராமில் என் பக்கத்து இடம் காலியாகவே வருகிறது. பரவாயில்லை, காலை நீட்டிக்கொள்ளலாம்.

அங்கே உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையே? பதில் போடு. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அட்டை வேலை இனி இல்லை, நேரம் நிறைய இருக்கிறது.

ஐவிண்ட்

—

வெஸ்ட்லி
22 நவம்பர் 1942

தம்பி ஐவிண்டுக்கு,

மூன்று மாதமாக நான் பதில் போடாததற்குக் காரணத்தை இதில் எழுதுகிறேன். மார்கித் ஓஸ்லோவுக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். எங்களோடு பேசுகிறவள் இப்போது அவள் ஒருத்திதான்.

சுவரொட்டி ஓஸ்லோவுக்கு மட்டும் இல்லை. ஜூன் நடுவிலேயே இங்கே ஸ்டேஷனிலும், தபால் நிலையத்திலும், பள்ளிக்கூட வாசலிலும் ஒட்டிவிட்டார்கள். நம் ஊரில் அது நிஸ்ஸே இல்லை, ஹால்வர் வாத்தியார். கட்சித் தொப்பியோடு, மண்வெட்டியோடு, சிரித்துக்கொண்டு. பத்து நாள் கழித்து அவர் ஒருத்தர் மட்டும் விடுதலையாகி ரயிலில் வந்து இறங்கினார். ஊர் என்ன நினைக்கும்? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார், படத்துக்கு முகமும் கொடுத்தார் என்று நினைத்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். அன்று இரண்டு மணி நேரம் ஸ்டேஷனில் அவர் தன் முகத்துக்கு எதிரே நின்றிருக்கிறார்.

ஜூலையிலேயே ஊர்க் காவலதிகாரியிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"என்னை எதுக்கு விட்டீங்க?" என்றார்.

"எனக்கென்ன தெரியும் வாத்தியாரே? மேலேருந்து பேரு வந்துச்சு."

"திருப்பி அனுப்புங்க."

அவன் சிரித்தான். "ஜெயிலுக்குப் போற டிக்கெட்டை இதுவரைக்கும் யாரும் கேட்டு வாங்கலை. வீட்டுக்குப் போங்க, வெயில்ல நிக்காதீங்க."

இலையுதிர் காலத்தில் பள்ளி திறந்தது. அவர் வகுப்பில் பிள்ளைகள் சத்தமே போடுவதில்லை. யாரும் நிஸ்ஸே வாத்தியார் என்று கூப்பிடுவதில்லை.

இந்த மாதம் மற்ற வாத்தியார்கள் திரும்பி வந்தார்கள். ஊரே ஸ்டேஷனில் திரண்டது, ஜன்னல் தொட்டிப் பூவையெல்லாம் பறித்துக்கொண்டு. அவர் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. அங்கே முகாமில் சிக்வர்டும் அவரும் ஒரே பலகையில் படுத்தவர்கள், ஒரே ரொட்டியை அறுத்துத் தின்றவர்கள். சிக்வர்ட் இறங்கினார், இவர் கையை நீட்டினார். சிக்வர்ட் அந்தக் கையையும் பார்த்தார், சுவரிலிருந்த அந்தப் படத்தையும் பார்த்தார், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டார். பின்னாலிருந்து எவனோ சொன்னான், "குல்லாவை மாத்தினா தலை தப்பிச்சுடுது, பாத்தியா?" என்று. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார். உருளைக்கிழங்கு வைத்தேன். தோலை உரித்துக்கொண்டே கேட்டார்.

"டோர்டிஸ், நீ கேட்டியா அவன்கிட்ட?"

"இல்ல."

"அவனாவா செஞ்சான்?"

"அவனாத்தான் செஞ்சான்."

"சரி" என்றார். சாப்பிட்டார். "அவன் இனி இந்த வீட்டுக்கு வரவேணாம்" என்றார். நானும் சரி என்றேன்.

தம்பி, நான் அப்படிச் சொல்லிவிட்டேன். நீதான் என்று. நான் கேட்டுத்தான் இது நடந்தது என்று அவருக்குத் தெரிந்தால் அவருக்கு வீடும் இருக்காது. இந்த ஊரில் அவர் வந்து உட்கார மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். அதனால் அந்தப் பழியை நீயே வைத்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு வராதே. யார் கேட்டாலும் நீயாகச் செய்ததாகவே சொல்.

எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும். தேடிப் பார்க்கிறேன், மரத்துப்போய்க் கிடக்கிறது. மறுபடி அந்த ஏப்ரல் வந்தாலும் அதே கடிதத்தைத்தான் எழுதுவேன்.

காப்பித்தூள் வந்தது. அவருக்குச் சொல்லாமல் நானே குடித்துவிட்டேன். நல்ல காப்பி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டோர்டிஸ்

—

வெஸ்ட்லி
13 டிசம்பர் 1942

ஐவிண்டுக்கு,

ஹால்வர் எழுதுகிறேன். உன் உடம்பு சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். எனக்குப் பரவாயில்லை. மார்கித் மறுபடி ஓஸ்லோ வருகிறாள். டோர்டிஸுக்குத் தெரியாமல் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்கு அவள் என்ன எழுதினாள் என்று நான் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை. பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்லும்போதெல்லாம் அவள் கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறப்பாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா என்றால்கூட யோசிப்பாள். அன்று நான் கேட்டபோது உடனே பதில் சொன்னாள், இரண்டு தடவையும்.

அவள் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. அந்தப் பலகையில் மூச்சு முட்டிக் கிடந்தபோது, யாராவது எதையாவது செய்து என்னை வெளியே எடுக்கமாட்டார்களா என்று நானே நினைத்திருக்கிறேன். சிக்வர்டும் நினைத்திருப்பார். அவருக்காகச் செய்ய யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதை ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது.

உன் மேல் கோபம் இருக்கிறது. அதை விடுவதாகவும் இல்லை. யார் மேலாவது வைத்திருக்க வேண்டும், நீ தூரத்தில் இருப்பது வசதியாக இருக்கிறது. என் முகத்தை இனி வரையாதே.

அவள் சொன்னதை நான் நம்பிவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும். நீயும் அவளுக்கு எதுவும் எழுதிவிடாதே.

கிறிஸ்துமஸுக்கு வராதே. வந்தால் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பொய் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு பேர் என்றால் சமாளித்துவிடுவோம்.

ஹால்வர்